எட்டு வட்டாரம், மூன்று லட்சம் ரூபா

கேள்வி: ஐயா, மல்லாவிப் பக்கம் மோட்டார் சைக்கிள் திருத்தும் கராஜ் வைத்திருக்கிறேன். வயது 36. அடுத்த முறை துணுக்காய்ப் பிரதேச சபைக்கு நாங்கள் நாலு நண்பர்கள் சேர்ந்து சுயேச்சைக் குழுவாகக் கேட்க யோசிக்கிறோம். கையில் சேர்ந்த காசு 3 லட்சம். கலர் துண்டுப்பிரசுரமும் பதாகையும் 1 லட்சம், வாகனமும் ஒலிபெருக்கியும் 80 ஆயிரம், மிச்சம் கூட்டத்துக்கும் சாப்பாட்டுக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். சுவிஸில் இருக்கிற அண்ணர் தன்னுடைய சங்கத்தில் சொல்லி இன்னும் காசு எடுத்துத் தரலாம் என்கிறார். ஒரு கட்சிக்காரர் கராஜுக்கே வந்து, "ஏன் தம்பி தனியக் கேட்டுக் காசைக் கரியாக்கிறீர், எங்கட பட்டியலில போடுறம், கட்டுப்பணமும் நாங்களே கட்டுறம்" என்றார். மனைவி மாதர் சங்கச் செயலாளர். "கராஜைப் பூட்டிப்போட்டு வாக்குக் கேட்டுத் திரிஞ்சால் சோறு ஆர் போடுறது" என்று கேட்கிறா. எங்கள் ஊர்ச் சனம் கட்டாயம் எங்களுக்குத்தான் போடும். வெல்ல வழி இருக்கிறதா?

பதில்:

தம்பி, உங்கள் செலவுக் கணக்கில் கட்டுப்பணத்தையே காணவில்லை. அதிலிருந்து தொடங்குவோம்.

பிரதேச சபைக்குச் சுயேச்சைக் குழுவாகக் கேட்டால் ஒரு வேட்பாளருக்கு 5,000 ரூபா கட்ட வேண்டும். பதிவு செய்த கட்சி என்றால் 1,500 தான். உங்களுக்கு மட்டும் கட்டினால் போதாது, பட்டியலில் உள்ள எல்லாருக்கும் கட்ட வேண்டும். உதாரணத்துக்கு 13 உறுப்பினர் சபை, அதில் 8 வட்டாரம் என்று வைப்போம். வட்டாரத்துக்கு எட்டுப் பேர், விகிதாசாரப் பட்டியலுக்கு ஐந்து பேரும் மேலதிகமாக மூன்று பேரும். ஆக 16 பேர், 80,000 ரூபா. உங்கள் மூன்று லட்சத்தில் கால்வாசிக்கு மேல் ஒரு துண்டுப்பிரசுரம் அடிக்க முன்னரே போய்விடும். அது திரும்பி வரும் என்று எண்ணிச் செலவுத் திட்டம் போடாதீர்கள்.

வேடிக்கை என்னவென்றால், நாடாளுமன்றத்துக்குக் கேட்பது இதைவிட மலிவு. வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு ஆறு ஆசனம், சுயேச்சைக் குழுவில் ஒன்பது வேட்பாளர், தலைக்கு 2,000. மொத்தமே 18,000 ரூபா. அதனால்தான் ஒவ்வொரு பொதுத் தேர்தலிலும் வன்னி வாக்குச்சீட்டு முழ நீளத்துக்கு வருகிறது. ஆனால் முல்லைத்தீவுக் கடற்கரையில் இருந்து மன்னார்த் தீவுவரை, 3 லட்சத்துக்கு மேற்பட்ட வாக்காளரிடம் மோட்டார் சைக்கிளில் போய்ச் சேர முடியாது. நீங்கள் பிரதேச சபையைத் தேர்ந்தெடுத்தது சரி. அதில் எனக்கு மறுபேச்சில்லை.

முப்பது வருடத்துக்குக் கிட்டத் தேர்தல் கடமை செய்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகு வேட்பாளர்களுக்கு மனுப் பத்திரம் நிரப்பிக் கொடுப்பதும் கணக்குப் பார்த்துக் கொடுப்பதும்தான் வேலை. காசில்லாத குழுக்கள் தோற்பதை நிறையப் பார்த்துவிட்டேன். அநேகமானவை ஒரே மாதிரித்தான் தோற்கின்றன. தங்கள் ஊரில் மட்டும் வெல்லப் பார்க்கிறார்கள்.

உங்கள் கடிதத்திலும் "எங்கள் ஊர்ச் சனம் எங்களுக்குத்தான் போடும்" என்று இருக்கிறது. போடட்டும். ஆனால் உங்கள் வட்டாரம் உங்கள் ஊரை விடப் பெரியது. பக்கத்து ஊரும் அதில் சேர்ந்திருக்கும். அங்கே வீடு, சைக்கிள், சங்கு, திசைகாட்டி என்று ஒவ்வொரு கட்சிச் சின்னத்துக்கும் ஆள் இருக்கும். வட்டாரத்தில் மற்றவரைவிட ஒரு வாக்கு அதிகமாக எடுத்தாலே அவர் வென்றவர், இரண்டாவதாக வந்தவருக்கு அங்கே ஒன்றுமில்லை. நேரடியாக வட்டாரத்தை வெல்வது உங்களுக்குத் தூரத்துப் பச்சை.

ஆனால் இந்தத் தேர்தல் முறைக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. 2018 பெப்ரவரி 10 ஆம் தேதித் தேர்தலில் இருந்துதான் இந்தக் கலப்பு முறை நடைமுறையில் இருக்கிறது. 60 சதவீதம் வட்டாரம், 40 சதவீதம் விகிதாசாரம். வட்டாரத்தில் தோற்ற வாக்கு குப்பைக்குப் போவதில்லை. எல்லா வட்டாரத்திலும் நீங்கள் எடுத்த வாக்கைக் கூட்டித்தான் சபைக்கு உங்கள் பங்கு எத்தனை என்று பார்ப்பார்கள். சபை முழுவதும் செல்லுபடியான வாக்கு 6,500 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 13 உறுப்பினரால் பிரித்தால் 500. எட்டு வட்டாரத்திலும் சராசரி 65 வாக்கு எடுத்தால் உங்களுக்கு 520. ஒரு வட்டாரமும் வெல்லாமலே ஒரு ஆசனம், சனம் போனஸ் ஆசனம் என்று சொல்வது. 500க்குக் கொஞ்சம் குறைந்தாலும் மீதி வாக்குக் கணக்கில் சில வேளை வந்து விழும்.

இப்போது மற்றக் கணக்கையும் பாருங்கள். உங்கள் ஊரில் 250 வாக்கு, மற்ற ஏழு வட்டாரத்திலும் ஆளுக்குப் பத்துப் பதினைந்து. கூட்டினால் 350. வட்டாரமும் உறுதி இல்லை, போனஸும் உறுதி இல்லை. இரண்டாவது கணக்குக்குத்தான் உங்கள் மூன்று லட்சமும் போகப் போகிறது.

ஆகவே கேள்வி, வெல்ல வழி இருக்கிறதா என்பதல்ல. எட்டு வட்டாரத்திலும் அறுபது எழுபது வாக்கைத் தன் முகத்துக்காகவே எடுக்கக்கூடிய எட்டுப் பேர் உங்களிடம் இருக்கிறார்களா என்பதுதான். பதாகையில் நிற்கும் எட்டுப் பேரைச் சொல்லவில்லை. செத்த வீட்டுக்கு முதலில் போய்ப் பந்தல் போடுகிறவர், கமக்காரர் அமைப்பில் உரத்துக்கும் தண்ணீருக்கும் எழுந்து கதைத்தவர், இருபது வருடம் முன்பள்ளி நடத்தியதால் ஊரில் பாதிப் பேரைப் பெயர் சொல்லி அழைக்கிறவர், இப்படிப்பட்டவர்கள். ஐயன்கன்குளத்திலும் புத்துவெட்டுவானிலும் யார்? தென்னியங்குளத்தில் யார்? அம்பலப்பெருமாள்குளத்தில்? நாலு நண்பர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். நாலு பேரும் மல்லாவிச் சந்தியில் ஒன்றாகத் தேநீர் குடிக்கிறவர்கள் என்றால் அது நாலு பேர் இல்லை, கணக்குக்கு ஒரு ஆள்தான்.

இன்னொன்று. உங்கள் நாலு பேரும் ஆண்கள் போலத் தெரிகிறது. வட்டாரத்துக்கான மனுவில் பத்து சதவீதம், விகிதாசாரப் பட்டியல் எட்டுப் பேருக்கான மேலதிகப் பத்திரத்தில் பாதி பெண்களாக இருக்க வேண்டும். 16 பேர் பட்டியலில் ஐந்து பேராவது பெண்கள். மொத்தத்தில் கால்வாசி 35 வயதுக்குட்பட்ட இளைஞர்கள். கடைசி நாளில் "தங்கச்சி, ஒரு கையெழுத்து" என்று மச்சாளையும் சித்தியின் மகளையும் பிடிப்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். அப்படிப் பெயருக்கு எழுதின பெண் தன் வீட்டு வாக்கைக்கூடக் கேட்கமாட்டாள். ஏன் கேட்க வேண்டும்? அவளை யாரும் எதுவும் கேட்கவில்லையே.

கடிதத்தில் ஒரு வரியில் கடந்து போன ஒருவர் இருக்கிறா. மாதர் சங்கச் செயலாளர். கிராமத்தில் யார் வீட்டில் என்ன கடன், யார் பிள்ளை பள்ளிக்குப் போகவில்லை என்பதெல்லாம் அவவுக்குத் தெரியும். சோறு யார் போடுவது என்று கணக்காகக் கேட்கவும் தெரிகிறது. வட்டார வேட்பாளராக யாரை நிறுத்துவது என்று நண்பர்களோடு கூடிக் கதைக்க முன்னர், வீட்டில் ஒருக்கால் கேளுங்கள். அவ மாட்டேன் என்றால் விடுங்கள். கேட்காமல் விடாதீர்கள்.

மனுப் பத்திரத்தைப் பற்றி எச்சரிக்கையாகவே சொல்கிறேன். 2025 மார்ச்சில் நாடு முழுவதும் ஏராளமான மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. பெரிய கட்சிகளுக்கும் அது நடந்தது. இளைஞர் வேட்பாளரின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி உரிய முறையில் உறுதிப்படுத்தப்படவில்லை என்பது போன்ற காரணங்கள். சிலர் நீதிமன்றம் போய் மீட்டார்கள். வழக்குக்குக் காசு இருக்கிறவர்களுக்கு அது சரி. உங்களுக்கு அந்த வழி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய கடுதாசியில் பிழை என்றால் மற்றப் பதினைந்து பேரின் உழைப்பும் சேர்ந்து போகும். ஆட்களைத் தெரிந்த அன்றே பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் வாங்கிப் பெயர் எழுத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். சண்டையில் ஆவணம் தொலைத்துப் பிறகு எடுத்தவர்கள் எங்கள் பக்கம் அதிகம். ஒன்றில் ஒரு எழுத்து, மற்றதில் வேறு எழுத்து இருக்கும்.

சரி, பிரசாரத்துக்கு வருவோம்.

உங்கள் படத்தைக் கலரில் போட்டு ஐயாயிரம் துண்டுப்பிரசுரம் அடிக்க நினைக்கிறீர்கள். பிரதேச சபை வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயரே இருக்காது. கட்சி அல்லது குழு, அதன் சின்னம், அதற்கு நேரே ஒரு புள்ளடி, அவ்வளவுதான். விருப்பு வாக்கும் கிடையாது. 2018இல் ஒரு வாக்களிப்பு நிலையத்தில் ஒரு அம்மா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதில எங்கட பொடியன்ர பேரக் காணேல்லையே" என்று என்னிடமே கேட்டா. நான் கடமையில் இருந்தவன், ஒன்றும் சொல்ல முடியாது. அந்தப் பொடியனின் படம் ஊர் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது. சின்னத்தை மட்டும் யாரும் அந்த அம்மாவுக்குச் சொல்லவில்லை.

சுயேச்சைக் குழுவுக்குச் சின்னம் மனுத் தாக்கல் முடிந்த பிறகுதான் தெரியவரும். அதிலிருந்து வாக்களிப்புவரை சில வாரம்தான். அந்தச் சில வாரம் போதுமா? போதும், வழி தெரிந்தால். 2024 ஜனாதிபதித் தேர்தலில் பா. அரியநேத்திரன் சுயேச்சையாகச் சங்குச் சின்னத்தில் நின்றார். ஐந்தாறு வாரத்துக்குள் சங்கு என்றால் என்னவென்று வடக்குக் கிழக்கில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்தது. 2,26,343 வாக்கு விழுந்தது. அவருக்குப் பின்னால் கட்சிகளும் அமைப்புகளும் இருந்தன என்பது வேறு கதை. ஆனால் சனம் ஊதிப் பார்த்த, கோயிலில் கண்ட பொருள் என்பதால் அது விரைவாகப் பதிந்தது. உங்களுக்கு என்ன சின்னம் கிடைத்தாலும், அந்தப் பொருள் வீட்டில் இருக்கிற பொருளாக இருந்தால் கையிலேயே கொண்டு போங்கள். பூட்டு என்றால் பூட்டு, தேத்தண்ணிக் கேத்தில் என்றால் கேத்தில். உள்ளங்கை அளவு கறுப்பு வெள்ளைத் துண்டு போதும். முன்பக்கம் சின்னமும் புள்ளடியும், பின்பக்கம் அந்த வட்டாரத்து ஆளின் பெயர். அச்சகத்தின் பெயரும் விலாசமும் கட்டாயம் இருக்க வேண்டும், மறக்க வேண்டாம்.

முகநூல் பற்றியும் யோசித்திருப்பீர்கள். 2024 நவம்பரில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் ஊசிச் சின்னத்தில் சுயேச்சைக் குழு 17 ஒரு ஆசனம் எடுத்ததில் இருந்து, கைபேசியைத் தூக்கிப் பிடித்தால் சபைக்குப் போய்விடலாம் என்று பலர் நம்புகிறார்கள். அந்த ஆசனத்தை எடுத்த வைத்தியர் அர்ச்சுனா ஏற்கெனவே மாதக்கணக்காக எல்லார் வாயிலும் இருந்த ஆள். அதோடு அது ஒரு பெரிய மாவட்டம். எங்கே இருந்து பார்த்தாலும் வாக்கு வாக்குத்தான். உங்கள் சபையில் ஒரு வட்டாரத்துக்கு அறுபது பேர் வேண்டும். உங்கள் காணொளிக்கு லண்டனிலும் ரொறன்ரோவிலும் விழும் ஆயிரம் விருப்புக் குறியில் கோட்டைகட்டியகுளத்து வாக்கு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

வாகனமும் ஒலிபெருக்கியும் வேண்டவே வேண்டாம். அந்த 80 ஆயிரத்தை எட்டு மோட்டார் சைக்கிளின் பெற்றோலுக்குப் பிரித்துக் கொடுங்கள். கராஜ்காரர் நீங்கள், வண்டி நடுவழியில் நிற்காமல் பார்ப்பது உங்கள் பொறுப்பு. பெரிய கட்சிக்கு அந்த வசதி இல்லை! வீட்டுக்குப் போகிற நேரம் முக்கியம். பகலில் போனால் படலை சாத்தியிருக்கும், சனம் வயலிலோ கூலி வேலையிலோ நிற்கும். பின்னேரம் நாலரைக்குப் போய், யானை வெளிக்கிடுகிற பாதை என்றால் இருட்ட முன்னர் திரும்ப வேண்டும். இரண்டு மணித்தியாலம்தான் கிடைக்கும். ஒரு நாளைக்குப் பத்து வீட்டுக்கு மேல் ஒழுங்காகக் கதைக்க முடியாது. 2018இல் தேர்தல் பெப்ரவரியில், பெரும்போக அறுவடை நேரத்தில் வந்தது. வயல் வரம்பில் நின்று வாக்குக் கேட்டவர்களும் உண்டு. அடுத்தது எந்தப் போகத்தில் வருகிறது என்று பார்த்து உங்கள் பாதையைப் போடுங்கள்.

கூட்டமும் சாப்பாடும் என்று எழுதியதை அழித்துவிடுங்கள். வாக்காளருக்கு உண்ணவும் குடிக்கவும் கொடுத்து வாக்குக் கேட்பது தேர்தல் குற்றம். சாராயம் கொடுக்கிறவர் இருக்கிறார், எனக்கும் தெரியும். அவருக்குத் தப்புகிற வழியும் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

என்ன சொல்லி வாக்குக் கேட்பது என்பதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பிரதேச சபையின் வேலை உள்வீதி, தெருவிளக்கு, சந்தை, சுடலை, நூலகம், குப்பை, வடிகால். குளம் திருத்துவதும், வன இலாகா எல்லைக் கல்லுப் போட்ட காணியை விடுவிப்பதும், யானை வேலியும் சபையின் கையில் இல்லை. வன்னியில் சனத்தின் கோபமெல்லாம் காணியிலும் யானையிலும்தான், அதைப் பேசினால் கைதட்டு விழும் என்பதும் உண்மை. சபையில் தீர்மானம் போடலாம், கடிதம் எழுதலாம், அதை அப்படியே சொல்லுங்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு வேலையை மட்டும் எடுத்து, அந்த வீதி பிரதேச சபை வீதியா, வீதி அபிவிருத்தித் திணைக்கள வீதியா என்று முதலே விசாரித்து வையுங்கள். "இது சபை வீதி, இதற்கு நான் பொறுப்பு. அது சபை வீதி இல்லை" என்று சொல்லத் தெரிந்த வேட்பாளரைச் சனம் இரண்டாம் தரம் நிமிர்ந்து பார்க்கும்.

எப்போது செலவழிப்பது? தேதி உறுதியாகும்வரை ஒரு சதமும் வேண்டாம். 2023 ஜனவரியில் மனுத் தாக்கல் முடிந்து, மார்ச் 9இல் தேர்தல் என்று இருந்தது. திறைசேரியில் காசில்லை என்று தள்ளிப்போய், பிறகு அந்த மனுக்களே ரத்தாகி, கடைசியில் 2025 மே 6ஆம் தேதிதான் வாக்களிப்பு நடந்தது. எனக்குத் தெரிந்த ஒருவர் முதல் அறிவித்தலோடேயே அச்சடித்துவிட்டார். அந்தக் கட்டு இன்னும் அவர் வீட்டு அறையில் இருக்கிறது, பின்பக்க வெள்ளையில் பிள்ளைகள் கணக்குச் செய்கிறார்கள். மாகாண சபைத் தேர்தலின் நிலையைச் சொல்லவே வேண்டாம். வடக்கில் முதலும் கடைசியுமாக 2013 செப்டெம்பரில் நடந்தது.

அண்ணரின் காசுக்கு வருகிறேன். தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டம் 2023இல் வந்துவிட்டது. முடிவு வெளியாகி 21 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் வரவு செலவு அறிக்கை கொடுக்க வேண்டும். தோற்றவரும் கொடுக்க வேண்டும், பெயருக்கு நின்ற சித்தியின் மகளும் கொடுக்க வேண்டும். கொடுக்காதவர்கள் மேல் வழக்கு வருகிறது. யார் தந்தது என்பதும் அதில் எழுத வேண்டும். வெளிநாட்டில் பதிவான அமைப்பின் காசும், யார் அனுப்பினார் என்று சொல்ல முடியாத காசும் ஆகாது. அண்ணர் "சங்கத்தில் சொல்லி எடுத்துத் தாறன்" என்பது அந்த இடத்தில்தான் இடிக்கிறது. சட்டத்தை விடுங்கள், அந்தக் காசு தனியே வராது. யாரை விமர்சிக்கலாம், தவிசாளர் தெரிவில் யாருக்குக் கை உயர்த்தலாம் என்று இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் கட்டளையும் சேர்ந்து வரும். அண்ணரிடம் வேறு உதவி கேளுங்கள். தேர்தல் மாதம் கராஜுக்கு ஒரு பொடியனைச் சம்பளத்துக்கு வைத்தால் அந்தச் சம்பளத்தை அவர் உங்கள் வீட்டுக்கு அனுப்பட்டும். மனைவி கேட்ட கேள்விக்கும் அது ஒரு பதில்.

போனஸ் ஆசனம் ஒன்று கிடைத்தால் அதில் யார் இருப்பது? குழுக்கள் உடைவது தோற்ற பிறகு இல்லை, இந்த ஒரு ஆசனம் கிடைத்த பிறகுதான். பட்டியலில் எவரை வேண்டுமானாலும் குறிக்கலாம் என்பதால் எட்டுப் பேருக்கும் ஆசை வரும். கட்டுப்பணம் கட்ட முன்னரே பேசி, எழுதி, 16 பேரும் கையெழுத்து வையுங்கள். ஆகக் கூடுதலான வாக்கு எடுத்த வட்டாரத்து ஆளுக்கா, சுழற்சி முறையா, எதுவாக இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும். 2025இல் பல சபைகளில் எவருக்கும் பெரும்பான்மை வரவில்லை. அப்படியான சபையில் ஒற்றை உறுப்பினரைத் தேடித் தவிசாளர் தெரிவுக்கு முதல் நாள் இரவு வாகனம் வரும். யாருக்கு ஆதரவு, என்ன வேலைக்காக ஆதரவு என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.

கட்சிக்காரர் சொன்னதையும் சும்மா தள்ளிவிடச் சொல்லமாட்டேன். அவர் உங்களை எந்தப் பட்டியலில் போடப் போகிறார் என்று கேட்டீர்களா? வட்டார வேட்பாளராகவா, மேலதிகப் பட்டியலிலா? மேலதிகப் பட்டியல் என்றால் உங்கள் ஊர் வாக்கை எடுத்துக்கொண்டு உங்களை வீட்டில் விடுவதுதான் நோக்கம். வட்டாரம் தருகிறோம், எழுத்திலும் தருகிறோம் என்றால், எட்டுப் பேரைத் தேடிப் பிடிக்க முடியாத நிலையில் அது கெட்ட பேரம் இல்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எதைச் செய்வது என்று தீர்மானிக்க ஒரு சின்ன வேலை செய்யுங்கள். வாக்காளர் இடாப்பைக் கிராம அலுவலரிடம் பார்வைக்கு வைக்கும் காலத்தில், ஒவ்வொரு வட்டாரத்திலும் நீங்கள் நினைக்கிற அந்த ஆளை இருத்தி வைத்து, "உங்களுக்காகப் போடுவார்கள் என்று நூறு பேரின் பெயரைச் சொல்லுங்கள்" என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதுங்கள். நூறு சொன்னால் அறுபது விழும், அதுதான் என் அனுபவம். முப்பதில் திணறினால் அவர் ஆள் இல்லை, வேறு ஆளைத் தேடுங்கள். எட்டுக் கொப்பியும் நிரம்பினால் காசு குறைவு என்று பயப்பட வேண்டாம், மூன்று லட்சமே தாராளம். ஐந்துதான் நிரம்பியது என்றாலும் கொண்டு வவுனியாப் பக்கம் வாருங்கள், இருந்து கூட்டிப் பார்ப்போம். வரும்போது மனைவியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவ ஒரு கொப்பி தனியாக எழுதியிருப்பா.